கடல்மீது ஒரு நகரம்

ஒரு காலத்திற் கப்பற் பிரயாணம் என்பது ஓரிடத்தை அடைய வேண்டும் என்ற தேவைக்காகவே மேற்கொள்ளப்பட்டது. கொழும்பிலிருந்து இலண்டனுக்குப் படிக்கச் சென்ற மாணவரும், இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவிற் குடியேறச் சென்ற குடும்பத்தினரும் கப்பலையே நம்பினர். 1960களில் ஜெட் விமானங்கள் பெருகவே அத்தேவை குறைந்தது. ஆயினும் பிரயாணக் கப்பல்கள் மறைந்து போகவில்லை. அவற்றின் நோக்கம் மாறியது. இன்று உல்லாசக் கப்பலில் ஏறுவோர் ஓர் ஊரை அடைவதற்காக ஏறுவதில்லை. கப்பலில் இருப்பதற்காகவே ஏறுகின்றனர். பல துறைகளைப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் புறப்பட்ட துறைக்கே திரும்பி வருகின்றனர்.

இத்தகைய கப்பல்கள் இன்று நகரங்களாகவே வளர்ந்துவிட்டன. 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்திலிருந்து முதற் பிரயாணத்தைத் தொடங்கிய ‘ஐக்கன் ஒவ் த சீஸ்’ என்னும் கப்பல் ஏறத்தாழ 365 மீற்றர் நீளமும் 20 தட்டுகளும் உடையது. பிரயாணிகள் 7,600 பேர் வரையும், ஊழியர் 2,350 பேரும் அதில் இருத்தல் கூடும். பத்தாயிரம் பேர் வாழும் ஊரொன்று தரையை விட்டுப் பிரிந்து கடலிற் செல்வதை எண்ணும்போது பல வினாக்கள் எழுவது இயல்பு. முதன்முறை கப்பலேறுவோர் கேட்கும் வினாக்களுட் சிலவற்றை ஈண்டு நோக்குதல் தகும்.

இத்துணை மக்களுக்கும் நன்னீர் எங்கிருந்து வருகின்றது? ஒரு பகுதி துறைமுகங்களில் நிரப்பப்படும். மற்றையது கடல்நீரிலிருந்து கப்பலிலேயே உண்டாக்கப்படும். அதற்கு இரு வழிகள் உள. காற்றழுத்தம் குறைக்கப்பட்ட கலத்திற் கடல்நீரை விட்டு, கப்பல் எந்திரங்களின் மிகுதி வெப்பத்தாற் கொதிக்கச் செய்து, ஆவியைக் குளிர்வித்து நீராக்குவது ஒன்று. அழுத்தம் குறைந்தவிடத்து நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும்; ஆதலின் எரிபொருள் மிச்சமாகின்றது. கடல்நீரை மிகுந்த அழுத்தத்துடன் நுண்ணிய சவ்வுகளினூடாகச் செலுத்தி உப்பைப் பிரிப்பது மற்றையது. இவ்வாறு பெற்ற நீரைத் தொற்று நீக்கிய பின்னரே குழாய்களில் விடுவர்.

கழிவுகள் யாவும் கடலிலேயே கொட்டப்படுகின்றனவா? இது பலருடைய ஐயம். இதற்கெனச் சர்வதேச ஒப்பந்தம் உண்டு. பிளாஸ்ரிக் பொருளைக் கடலில் எங்கும் எறிதல் ஆகாது. சுத்திகரிக்கப்படாத மலசலக் கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைல்களுக்கு அப்பாலன்றி வெளியேற்றலாகாது. சில கடற்பரப்புகளில் விதிகள் இன்னும் கடுமையானவை. விதியை மீறிய கப்பற் கம்பனிகள் நீதிமன்றங்களிற் பெருந்தொகை குற்றப்பணம் செலுத்தியதும் உண்டு. எனவே விதி இருந்தால் மட்டும் போதாது, கண்காணிப்பும் வேண்டும் என்பது தெளிவு.

கடல் மயக்கம் வருமா? பெரிய கப்பல்களின் இரு பக்கங்களிலும் நீருக்குக் கீழே மீன் செட்டைகள் போன்ற அமைப்புகள் உள. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அவை சாய்வை எதிர்க்கும் வண்ணம் திரும்பி ஆட்டத்தைக் குறைக்கின்றன. எனினும் கடல் கொந்தளித்தால் ஆட்டம் முற்றாக நீங்காது. உட்செவி உடல் ஆடுகின்றது என்று மூளைக்கு அறிவிக்க, கண்ணோ அறையின் அசையாச் சுவரைக் கண்டு ஆட்டமில்லை என்று அறிவிக்கின்றது. இம்முரண்பாடே மயக்கத்துக்குக் காரணம். ஆகவே அறைக்குள் முடங்கிக் கிடவாது, வெளியே வந்து தொடுவானத்தை நோக்கி இருத்தல் நலம். ஆட்டம் குறைந்த இடம் கப்பலின் நடுப்பகுதியிலுள்ள கீழ்த்தட்டாகும். அறையைத் தெரிவு செய்யும்போதே இதனை மனத்திற் கொள்ளலாம்.

நோய்வாய்ப்பட்டால் யாது செய்வது? வைத்தியரும் தாதியரும் சிறு வைத்தியசாலையும் கப்பலில் உண்டு. ஆனால் அது முதலுதவிக்கும் அவசர சிகிச்சைக்கும் உரிய இடமேயன்றி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஈடாகாது. சிகிச்சைக்குக் கட்டணமும் அறவிடப்படும். ஆதலின் நாட்பட்ட நோயுடையோர் தமக்கு வேண்டிய மருந்துகளைப் போதிய அளவு கொண்டு செல்லுதலும், காப்புறுதி செய்துகொள்ளுதலும் அவசியம். நெருங்கி வாழும் இடத்தில் வாந்திபேதி விரைவிற் பரவும். அதனை உண்டாக்கும் நோரோ வைரசுக்கு மதுசாரக் கரைசல் போதாது. சவர்க்காரமிட்டு நீராற் கைகழுவுதலே சிறந்த காப்பு.

துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்க்கச் சென்றவர் பிந்தினால் கப்பல் காத்திருக்குமா? தனியே சென்றவருக்காகக் கப்பல் காத்திருக்கும் என்று நம்புதல் கூடாது. அடுத்த துறைக்குத் தம் செலவிலேயே போய்ச் சேர வேண்டி நேரிடும். கப்பலில் வழங்கும் நேரம் கரையில் வழங்கும் நேரத்திலிருந்து வேறுபடுவதும் உண்டு. இறங்குமுன் அதனைக் கேட்டறிதல் வேண்டும்.

இனி, யாவற்றிலும் முக்கியமான வினா: ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வது? இவ்வினாவைக் கேட்பவர் சிலரே. இசையும் விருந்தும் நீச்சற்குளமும் சூழ்ந்திருக்க, காலின்கீழ் ஆழ்கடல் இருப்பதை மனம் மறந்துவிடுகின்றது. 1912 ஏப்ரலில் ரைற்றானிக் மூழ்கியபோது, ஏறத்தாழ 2,200 பேர் இருந்த அக்கப்பலில் 1,178 பேருக்கே உயிர்காப்புப் படகுகளில் இடமிருந்தது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். அதன் விளைவாக 1914இல் கடலில் உயிர்ப்பாதுகாப்புப் பற்றிய முதலாவது சர்வதேச ஒப்பந்தம் எழுந்தது. இன்று எல்லோருக்கும் படகிலோ தெப்பத்திலோ இடம் இருத்தல் வேண்டும்.

ஆனால் படகு இருந்தால் மட்டும் போதாது. அதற்குச் செல்லும் வழி தெரிந்திருத்தல் வேண்டும். 2012 ஜனவரி 13ஆந் திகதி இரவு, இத்தாலியின் ஜிலியோத் தீவருகே ‘கொஸ்ரா கொன்கோர்டியா’ என்னும் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் உயிரிழந்தனர். அன்று மாலை ஏறிய பிரயாணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துள் நடத்தினாற் போதும் என்பதே அக்கால விதி. 2015 ஜனவரி முதல் விதி மாற்றப்பட்டது. இப்பொழுது கப்பல் புறப்படுமுன், அல்லது புறப்பட்ட உடனே, பயிற்சி நடைபெறல் வேண்டும். ஏழு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது ஆபத்துக்கால அழைப்பு. அவ்வேளை செல்ல வேண்டிய இடம் அறைக் கதவில் அல்லது அறைச்சீட்டிற் குறிக்கப்பட்டிருக்கும். அவ்விடத்துக்கு ஒருமுறை நடந்து பார்த்தவர் இருளிலும் வழி காண்பார்.

அவ்வேளை வழிகாட்டி நிற்பவர் யார்? காலையிற் படுக்கை விரித்தவரும், நண்பகலில் உணவு பரிமாறியவருமே. கப்பல் ஊழியர் ஒவ்வொருவருக்கும் தம் தொழிலோடு ஆபத்துக்காலக் கடமையும் உண்டு. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளைச் சேர்ந்த பலர் மாதக்கணக்கிற் குடும்பத்தைப் பிரிந்து இத்தொழில் செய்கின்றனர். 2013இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் சமவாயம், 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு அளிக்கப்படல் வேண்டும் எனப் பொதுவாக வகுத்துள்ளது. இது தொழிலாளர் நலன் மட்டுமன்று. பிரயாணியின் பாதுகாப்பும் ஆகும். உறக்கமின்றிச் சோர்ந்தவர் பிறரை எங்ஙனம் காத்தல் கூடும்?

2020இல் கொரோனாத் தொற்றுப் பரவித் துறைமுகங்கள் மூடப்பட்டபோது இவ்வூழியரின் நிலையை உலகம் கண்டது. பிரயாணிகள் வீடு திரும்பிய பின்னரும் ஆயிரக்கணக்கான ஊழியர் கப்பல்களிலேயே பல மாதம் தங்க நேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலிற் கொழும்புக்கு வந்த உல்லாசக் கப்பலொன்றில் இருந்த இலங்கை ஊழியர் ஒருவர், தாய்நாட்டின் கரை அருகிலிருந்தும் இறங்க இயலாது வேண்டுகோள் விடுத்தார். கடற்படையினர் அவரைக் கரைசேர்த்தனர்.

ஆகவே கப்பலேறுவோர் முதல்நாளிற் செய்யத்தக்கவை இரண்டு. பாதுகாப்புப் பயிற்சியை வீண்பொழுதென்று கருதாது கருத்தூன்றிக் கேட்டல் ஒன்று. தம் அறையைத் துப்புரவு செய்பவரின் பெயரைக் கேட்டறிந்து அவரை மதிப்போடு அழைத்தல் மற்றொன்று. கரையிலிருந்து பார்க்கக் கப்பல் ஒரு நகரம் போலத் தோன்றலாம். ஆபத்து வேளையிலோ அதிலுள்ளோர் ஒருவரையொருவர் நம்பியே வாழ வேண்டியவராவர்.