கிபிரின் இரைச்சலும் டர்போஃபான் இயந்திரமும்

வன்னியிலும் கிழக்கிலும் கிபிரின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியவர்களுக்கு ஜெட் இயந்திரத்தை அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1996ஆம் ஆண்டு இலங்கை விமானப்படை பெற்றுக்கொண்ட இந்த இஸ்ரேலிய விமானத்தில் இருப்பது, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1950களில் உருவாக்கிய ஜே-79 இயந்திரம். அது டர்போஜெட் வகை. அதே நிறுவனம் 1970களில் உருவாக்கிய எஃப்-404 டர்போஃபான் வகை.

டர்போஜெட்டில் உள்ளே வரும் காற்று முழுவதும் அமுக்கப்பட்டு, எரிபொருளுடன் எரிந்து, பின்னால் பீறிட்டு வெளியேறும். டர்போஃபானில் முன் விசிறி இழுக்கும் காற்றில் ஒரு பகுதி எரியாமல் வெளிப்புறமாகச் சுற்றிச் செல்லும். இதனால் எரிபொருள் மிச்சமாகும். பயணிகள் விமானத்தில் இப்படிச் சுற்றும் காற்று, உள்ளே செல்வதைவிடப் பல மடங்கு. போர் விமானத்தில் பெரிய விசிறி காற்றுத்தடையைக் கூட்டும் என்பதால், எஃப்-404இல் அது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே.

ஜே-79இன் அமுக்கியில் 17 படிகள். எஃப்-404இல் விசிறியையும் சேர்த்து 10. இரண்டின் உந்துவிசையும் சுமார் 8 தொன். ஆனால் முன்னையதன் எடை 1,700 கிலோவுக்கு மேல். பின்னையது ஏறத்தாழ 1,000 கிலோ.

அமெரிக்காவின் எஃப்/ஏ-18 விமானத்தில் இரண்டு எஃப்-404கள் உள்ளன. ராடருக்கு எளிதில் சிக்காத எஃப்-117இல், வெப்பம் காட்டிக்கொடுக்காதிருக்க, பின்னெரிப்பு இல்லாத வகை பொருத்தப்பட்டது. சுவீடனின் கிரிப்பன், இந்தியாவின் தேஜஸ், தென்கொரியாவின் டி-50 ஆகியனவும் இதன் வகைகளிலேயே பறக்கின்றன.

வெளியேறும் காற்றின் வேகம் கூடக்கூட இரைச்சல் பன்மடங்காகும். கிபிரின் காதைப் பிளக்கும் ஓசைக்குக் காரணம் இதுவே. ஆயினும் அந்த ஓசை போதிய எச்சரிக்கையாக இருக்கவில்லை. ஒலி செக்கனுக்கு சுமார் 340 மீற்றர் செல்லும். மணிக்கு 900 கிலோமீற்றரில் வரும் விமானம் செக்கனுக்கு 250 மீற்றர் செல்லும். 5 கிலோமீற்றர் தொலைவில் எழுந்த ஓசை எம்மை அடைய 15 செக்கன் ஆகும். அதற்குள் விமானம் 1.3 கிலோமீற்றர் தொலைவுக்கு வந்துவிடும். தலைக்கு மேல் வர இன்னும் 5 செக்கன்தான். பதுங்குகுழி வீட்டு வாசலிலேயே இருக்கவேண்டும் என்று எமது மக்கள் அனுபவத்தில் கண்டுகொண்டதன் கணக்கு இது.

2021இல் 5 கிபிர்களைப் புதுப்பிக்க 50 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அந்த இரைச்சல் இன்னும் பழங்கதையாகிவிடவில்லை.