அணு உலையும் நம் கடலும்

கல்முனைக் கரைக்கும் அணுவினால் இயங்கும் றொக்கற்றுக்கும் என்ன உறவு என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். உறவு உண்டு. ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவப்படும் இந்திய றொக்கற்றுகள், இலங்கை மண்ணின்மேற் பறவாதபடி தென்கிழக்கே சென்று பின்னரே தெற்கு நோக்கி வளைகின்றன. எரிபொருள் வீணாகினும் நம் தலைகளுக்குக் காட்டும் மரியாதை அது. ஆயின் அவற்றின் வழி நம் கீழ்க்கடலன்றோ!

உறவின் வேர் இன்னும் பழையது. நடராசர் நடனத்தின் தத்துவத்தை உலகுக்கு விளக்கியவராகவே ஆனந்த குமாரசுவாமியை நம் மாணவர் அறிவர். அவர் இலங்கையில் மண்ணியல் ஆய்வு நடத்தியதை அறிவோர் சிலரே. 1904இல் அவர் கண்டறிந்த கரிய கனியம் ஒன்று, புதியதோர் இனமெனத் தெளியப்பட்டுத் 'தோரியனைற்' எனப் பெயர் பெற்றது. இலங்கையிலிருந்து சென்ற அக்கனியத்தின் கூற்றை ஆராய்ந்துதான், 1905இல் இலண்டனில் ஒட்டோ ஹான் என்னும் இளைஞர் கதிர்த்தோரியத்தைக் கண்டார். அதே ஹான்தான் 1938இல் பேர்ளினில், ஸ்திராஸ்மனுடன் கூடி, யுரேனிய அணு பிளவுறுவதைக் கண்டவர்.

அப்பிளவின் வெப்பத்தாற் றொக்கற்றைச் செலுத்தும் முறை எளியது. இங்கே எதுவும் எரிவதில்லை. திரவ ஐதரசனைக் கொதிக்கும் உலையினூடே செலுத்தினால், அது விரிந்து பின்வாயிலாற் பீறிடும். ஐதரசன் யாவற்றினும் இலேசானது. ஆதலின் வேகமும் மிகுதி. ஒரே நிறையுள்ள உந்துபொருளைக் கொண்டு, சாதாரண றொக்கற்றைப்போல் ஏறக்குறைய இருமடங்கு பயன் பெறலாம். செவ்வாய்க்குப் போவோர் இதனை விரும்புவதில் வியப்பென்ன?

அமெரிக்கர் 1959இல் நெவாடாப் பாலையில் முதல் உலையைச் சோதித்தனர். பறக்கவென்று செய்யப்படாத அதற்குப் பறக்கவியலாத 'கிவி'ப் பறவையின் பெயரையே இட்ட குறும்பை நான் மிக இரசிக்கிறேன். யுரேனியத்தைத் தாங்கிய காரீயத்தைச் சூடேறிய ஐதரசன் அரித்தது. பூச்சுகள் பூசி ஓரளவு வென்றனர். 1968இல் ஓர் உலை 4,000 மெகாவாற்று வரை எட்டிற்று. 1973இல் பணமும் மனமும் வற்றித் திட்டம் நின்றது. பின்னர் 'டிராக்கோ' என்று மீண்டும் தளிர்த்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. இன்றுவரை இத்தகைய றொக்கற் ஒன்றேனும் விண்ணேகவில்லை.

"அணுவென்றால் அழிவுதானே, சேர்?" என்று என் மாணவர் வினவுவதுண்டு. 1978இல் அணு உலை தாங்கிய சோவியத் செயற்கைக்கோள் ஒன்று கனடாவின் வடபகுதியில் வீழ்ந்து கதிரியக்கத் துண்டுகளைச் சிதறியதை நான் அவர்களிடம் மறைப்பதில்லை. இயக்கப்படாத உலையின் கதிர்வீச்சு சொற்பமே என்பதையும், உயரப் போனபின்பே அதனை இயக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

ஆனாற் கடலோரத்தார் கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஏவுகையிற் பிழைத்து உலை கடலில் வீழ்ந்தால், துளைகளிற் புகும் நீர் நியூத்திரன்களின் வேகத்தைத் தணித்து, அணைந்திருந்த உலையையே இயங்கச் செய்துவிடலாம். இதனைத் தடுக்க, நியூத்திரனை விழுங்கும் பொருள்களை உலைக்குள் வைத்து, விண்ணடைந்தபின் அகற்றும் முறையைப் பொறியியலார் வகுத்துள்ளனர். இந்தியா என்றேனும் அத்தகைய உலையை ஏவ முனையுமாயின், அந்த ஏற்பாட்டின் விவரத்தைச் சாய்ந்தமருதுத் தோணிக்காரருக்கும் தமிழில் எழுதித் தந்த பின்னரே ஏவவேண்டும் என்பேன்.