போகிப் புகை ஏன் கலைவதில்லை?

மார்கழிக் கடைசி நாள் விடியற்காலை. தெருமுனையில் பழைய பாயோடு டயரும் எரிகிறது. புகை ஏன் மேலே போகாமல் தெருவிலேயே தேங்குகிறது?

பகலில் தரையை ஒட்டிய காற்று சூடேறி எழும்பும்; புகையும் கூடவே போய்விடும். பனிக்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். கீழே கனமான குளிர்காற்று; அதன்மேல் வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்டதுபோல. பனிமூட்டமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2018 போகியன்று சென்னையில் இறங்க முடியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

இப்படித் தேங்கும் புகையிலுள்ள பெரிய தூசியை மூக்கு முடியும் சளியும் பிடித்துவிடும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள், அதாவது தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய 30-இல் ஒரு பங்கு, நுரையீரலின் காற்றுப்பை வரை போய்விடும். டயரிலுள்ள கந்தகம் எரிந்து வரும் சல்ஃபர் டை ஆக்ஸைடோ மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்குச் சில நிமிடங்களிலேயே இழுப்பு வரலாம்.

கைக்குட்டை கட்டுவது மனசமாதானத்துக்குத்தான்; துகளைத் தடுக்க முகத்தோடு ஒட்டிய என்95 மாஸ்க் வேண்டும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி திறக்கும். அதுவரை ஜன்னலைச் சாத்திவிட்டு இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.