கொழும்பிலிருந்து கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு: ஏ4 வீதியின் கதை



பலாங்கொடை, கொஸ்லந்தை, மொனராகலைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் நாளும் பார்க்கிற வீதிதான் கல்முனைப் பட்டினத்தின் நடுவாலும் போகிறது. அதன் பெயர் ஏ4. நீளம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர். இந்த ஒரு வீதியை அறிந்துகொண்டால் பாதி நாட்டை அறிந்த மாதிரி.

போகும் பாதை

கொழும்பில் தொடங்கி அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாகப் பெரகலைச் சந்திக்கு ஏறுகிறது. பண்டாரவளைப் பக்கம் போகிறவர்கள் இங்கே பிரிந்து விடுவார்கள். ஏ4 வீதியோ கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி, வெல்லவாய என்று இறங்கி, புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ தாண்டி, லகுகலைக் காட்டுக்குள்ளால் பொத்துவிலில் கடலைத் தொடுகிறது.

அதற்குப் பிறகு மலையும் இல்லை, வளைவும் இல்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயலும் களப்பும். திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாலையில் பூக் கோத்தது போல அடுத்தடுத்து வரும். ஒரு ஊர் எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்று பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மருதமுனை கைத்தறிச் சாரத்துக்கும் சேலைக்கும் பேர் போன ஊர். பிறகு கல்லாறு, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி தாண்டி மட்டக்களப்பு.

வீதி வந்த விதம்

முன்பு மட்டக்களப்பு வாவியில் தோணிதான் பெரிய வாகனம். நெல்லும் ஆட்களும் தண்ணீர் வழியாகவே போய் வந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில், 1924இல், கல்லடியில் இரும்புப் பாலம் திறந்தார்கள். ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரால் அதை லேடி மானிங் பாலம் என்றார்கள். அகலம் போதாமல் ஒரு பக்கம் வாகனம் வரும்வரை மறு பக்கம் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது.

கல்லோயாத் திட்டம் வந்து உள்நாட்டில் குடியேற்றங்கள் பெருகின. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமானது. அம்பாறைக்குப் போகிற வீதி காரைதீவில் ஏ4உடன் சேர்கிறது. போர்க் காலத்தில் இந்த வழியில் பிரயாணம் செய்தவர்களுக்கு சோதனைச்சாவடியில் இறங்கி ஏறியதே பெரிய வேலை.

ஒரு வீதி, இரண்டு துயரம்

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, காரைதீவு ஆகிய ஊர்களில் கடலோர வீடுகள் அடியோடு போயின. பத்து வருடம் கழித்து, 2014 ஒக்டோபர் 29இல், அதே வீதியின் மலைப்பக்கத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியது. அங்கே கடல், இங்கே மலை. இரண்டு இடத்திலும் உதவி வந்ததும், பிழைத்தவர்கள் வெளியேறியதும் வீதியால்தான். அதனால் வீதி அடைபட்டால் ஊரே அடைபட்ட மாதிரி.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஏ, பி தர வீதிகளுக்குப் பொறுப்பு வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. தோட்டத்து உள்வீதி இவற்றில் சேராது. ஆகவே மனுக் கொடுக்க முன்னர் அது யாருடைய வீதி என்று கேட்டறிந்து, உரிய இடத்துக்கு எழுதுங்கள். இல்லாவிட்டால் கடிதம் மேசைக்கு மேசை அலையும்.

வீதியோரக் கிலோமீற்றர் கல்லையும் கவனியுங்கள். விபத்து நடந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்து, கல்லில் உள்ள எண்ணையும் கிட்டிய ஊரையும் சொன்னால் அம்புலன்ஸ் தடுமாறாமல் வரும். அனர்த்த நிலையத்தின் இலக்கம் 117.

மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பெரகலை–கொஸ்லந்தைப் பக்கம் இராப் பிரயாணம் வேண்டாம். லகுகலையில் யானை வீதியைக் கடக்கும். அந்தப் பகுதியைப் பகலிலேயே கடந்து விடுங்கள். யானை நின்றால் ஹோர்ன் அடிக்காமல் தூரத்தில் நிறுத்திக் காத்திருப்பதே புத்தி.

பிள்ளைகளுக்கும் ஒரு நாள் படத்தை விரித்து இந்த வீதியைக் காட்டிக் கொடுங்கள். நம்ம லயத்து வாசலால் போகிற வீதி எந்தெந்த ஊர் மக்களிடம் போய்ச் சேருகிறது என்று அவர்களும் அறிந்திருக்கட்டும்.