பவளக்கல் சுவர்: தனுஷ்கோடி தேவாலயம்

கூரை இழந்து நிற்கும் இந்தச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். கல்லெங்கும் தேன்கூட்டுக் கண்கள் போலச் சிறு குழிகள். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு பவளப்பூச்சி குடியிருந்த வீடு. கடலடியில் அவை சுண்ணாம்பைச் சுரந்து வளர்த்த பாறையை வெட்டியெடுத்துத்தான் இதைக் கட்டினார்கள். கருங்கல் இல்லாத மணல்திட்டில் கைக்கு எட்டிய கல் இதுவே.

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின், சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் இங்கே கப்பலேறித் தலைமன்னார் போனார்கள். தபால் நிலையம், பள்ளிக்கூடம், சுங்க அலுவலகம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோயிற்று.

புயலுக்குத் தப்பிய சுவர், பெயர் கீறும் ஆணிகளுக்குத் தப்பவில்லை!

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி உயிருள்ள பவளப்பாறைகள் இன்னும் இருக்கின்றன. அப்பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா; பவளம் எடுப்பது குற்றம். சுவரைச் சுரண்டாதீர்கள். உதிர்ந்து கிடக்கும் துண்டையும் இங்கேயே விட்டுச் செல்லுங்கள்.