ஒரே கோரிக்கை, இரு அரசியலமைப்புகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் தன்பாலீர்ப்பாளர் உரிமை இயக்கங்கள் கேட்டவை பெரும்பாலும் ஒன்றே. தங்கள் உறவைக் குற்றமாக்கும் சட்டம் போக வேண்டும், வேலையைப் பறிக்கக் கூடாது, இணையரைக் குடும்பமாக ஏற்க வேண்டும். ஆனால் கனடாவில் 1969இல் நடந்த குற்றநீக்கம் அமெரிக்கா முழுவதற்கும் வந்துசேர 2003 ஆயிற்று. மதப்பற்று, மக்கள் மனநிலை என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். அவற்றுக்கும் பங்குண்டு. எனினும், எந்தச் சட்டத்தை யார் இயற்றலாம் என்று இரு அரசியலமைப்புகளும் வகுத்த விதிகளைப் பார்க்காமல் இந்த 34 ஆண்டு இடைவெளி விளங்காது.

கனடாவில் குற்றவியல் சட்டம் மத்திய நாடாளுமன்றத்தின் பொறுப்பு. ஆண்களோடு அவர்கள் சம்மதத்துடன் உறவு கொண்ட எவரெட் கிளிப்பர்ட்டை, 'ஆபத்தான பாலியல் குற்றவாளி' என்று காலவரையின்றிச் சிறையில் வைத்தது சரியே என 1967இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 3-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நீதி அமைச்சர் பியர் ட்ரூடோ திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். அவரே பிரதமரான பின், 1969இல் அது சட்டமாயிற்று. 21 வயது நிரம்பிய இருவர், தனியிடத்தில் என்ற கட்டுப்பாடுகள் இருந்தன. ஆனாலும் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம். அப்போது அங்கே பெரிய இயக்கம் எதுவும் இல்லை என்பதே கவனிக்க வேண்டியது. அவையில் பெரும்பான்மை கொண்ட அரசு மனம் வைத்தது. அது போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவில் இதே சட்டம் மாநிலங்களின் கையில் இருந்தது. இல்லினாய் 1961இல் நீக்கியது. மற்ற இடங்களில் ஒவ்வொரு சட்டமன்றமாக, ஒவ்வொரு நீதிமன்றமாகப் போராட வேண்டியிருந்தது. 1986இல் உச்ச நீதிமன்றமும் 5-4 என்று கைவிரித்தது. 2003இல் டெக்சாஸ் வழக்கில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தபோதுகூட 13 மாநிலங்களில் சட்டம் உயிரோடிருந்தது. சிறைக்குப் போனவர்கள் குறைவு. ஆனால் சட்டத்தின் பார்வையில் குற்றவாளி என்ற முத்திரை, வேலையை மறுக்கவும் பெற்ற பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கவும் சாக்காயிற்று. ஒரு தலைமுறையின் உழைப்பு இதை நீக்குவதிலேயே கரைந்தது பெரும் அநீதி.

மக்கள் வாக்கெடுப்பு அங்கே எதிர்ப்பாளர்களுக்கு இன்னொரு வாசலைத் திறந்து வைத்தது. மயாமி பகுதியில் இயற்றப்பட்ட பாதுகாப்புச் சட்டம் 1977இல் வாக்கெடுப்பில் தோற்றது. மாசசூசெட்ஸ் நீதிமன்றம் 2003இல் திருமண உரிமையை ஏற்றதும், மறு ஆண்டே 13 மாநிலங்கள் தங்கள் அரசியலமைப்பில் தடையை எழுதிக்கொண்டன. கலிபோர்னியாவில் 2008 மே மாதம் நீதிமன்றத்தில் வென்ற உரிமை நவம்பரில் வாக்குப்பெட்டியில் பறிபோனது. சிறுபான்மையினரின் உரிமையைப் பெரும்பான்மையினரின் வாக்குக்கு விடும் இந்த ஏற்பாடு, ஒவ்வொரு வெற்றியையும் மறுபடி வென்றாக வேண்டியதாக்கியது.

கனடாவுக்குத் திருப்பம் தந்தது 1982இன் உரிமைகள் சாசனம். அதன் சமத்துவப் பிரிவு 1985இல் நடைமுறைக்கு வந்தது. பாலீர்ப்பு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1995இல் ஓய்வூதியம் கேட்ட ஓர் ஆண் இணையர் உச்ச நீதிமன்றத்தில் தோற்றனர். ஆனால் பாலீர்ப்பு அடிப்படையிலான பாகுபாடும் அப்பிரிவுக்குள் அடங்கும் என்பதை அதே தீர்ப்பு உறுதிசெய்தது. 1998, 1999 தீர்ப்புகள் அதன்மேல் எழுந்தன. 2003இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் திருமணத்தையே திறந்துவிட்டது. சாசனத்தை மீறிச் சட்டமியற்ற இடம்தரும் விதியைப் பயன்படுத்தி அல்பெர்ட்டா மாகாணம் 2000இல் தடை போட்டிருந்தது. திருமணம் என்பது எது என்று வரையறுப்பது மத்திய அதிகாரம் என்பதால் அந்தத் தடை நிலைக்கவில்லை. பால் மார்ட்டினின் சிறுபான்மை அரசு 2005இல் கொண்டுவந்த திருமணச் சட்டம் கீழவையில் 158-133 என்று நிறைவேறியது. அமைச்சர்கள் ஆதரித்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாட்டை ஏற்க முடியாத ஓர் அமைச்சர் பதவி விலகினார்.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் அத்தகைய கட்சிக் கட்டுப்பாடு இல்லை. இரு அவைகளும் இணங்க வேண்டும். பணியிடப் பாதுகாப்பு மசோதா 1996இல் செனட்டில் 49-50 என்று ஒரே வாக்கில் தோற்றது. 2013இல் செனட் ஏற்றும் கீழவை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. எனவே நீதிமன்றமே வழியாயிற்று. 2015இல் திருமணமும் 2020இல் பணியிடப் பாதுகாப்பும் தீர்ப்புகளாக வந்தன. கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு 2022இல் கவிழ்ந்ததும், திருமணத் தீர்ப்புக்கும் அதே கதி வரலாம் என்ற அச்சம் எழுந்தது. அந்த ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேறு மாநிலத்தில் நடந்த திருமணத்தை ஏற்க அது ஒவ்வொரு மாநிலத்தையும் கட்டாயப்படுத்துகிறது; தன் எல்லைக்குள் நடத்திவைக்கக் கட்டாயப்படுத்தவில்லை.