மோட்டார் வண்டியின் மூச்சும் புகையும்

மோட்டார் வண்டிக்கு உணவு பெட்ரோல் என்பதை அனைவரும் அறிவர். அது பெட்ரோலினும் பன்மடங்கு மிகுதியாகக் காற்றை உண்கின்றது என்பதைச் சிந்திப்பார் சிலரே. அக்காற்றுப் புகும் வழியையும் எரிந்த புகை வெளியேறும் வழியையும் அகலப்படுத்தினால் வண்டி விரைவும் வலிவும் பெறும், பெட்ரோற் செலவும் சுருங்கும் என்று கூறி, அதற்குரிய வடிகட்டிகளையும் குழாய்களையும் விற்போர் இன்று பல நாடுகளிலும் உளர். சென்ற ஆண்டு என் தமையனார் அத்தகைய கடையொன்றிற்குச் சென்று, தம் பழைய சிறு காருக்குக் கூம்பு வடிவான ஏர் பில்டர் ஒன்றும், அகன்ற புகைக்குழாயும், புதிய ஸைலென்ஸரும் பூட்டிக்கொண்டு வந்தார். அவற்றின் விலை, என் கல்லூரிச் சம்பளமும் விடுதிக் கட்டணமும் சேர்ந்த ஓராண்டுத் தொகைக்கு ஏறக்குறையச் சமம். லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் மிகும் என்று கடைக்காரர் உறுதி கூறினாராம். "போட்ட பணம் பெட்ரோலிலேயே திரும்பிவிடும், தம்பி" என்றார் தமையனார். தமிழிலக்கணம் பயிலும் எனக்கு எஞ்சினைப் பற்றி யாது தெரியும்? ஆயினும் வீட்டுக் கணக்கு எழுதும் பொறுப்பு என்னுடையதாதலின், அவ்வுறுதி மெய்யோ பொய்யோ என ஆராயப் புகுந்தேன். பௌதிக வகுப்பு நண்பர்களின் துணைகொண்டு அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

பெட்ரோல் முற்றும் எரிதற்கு, எடையளவில் அதனினும் 14.7 மடங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்காற் கிலோ எடையுடையது. அஃது எரியப் பதினொரு கிலோ காற்று வேண்டும். அக்காற்றின் கன அளவோ ஏறத்தாழ 9000 லிட்டர். நம் விடுதியிற் பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள ஓர் அறையின் காற்று முழுவதும் மூன்று லிட்டர் பெட்ரோலுக்கே சரியாய்ப் போம். இத்துணைக் காற்றையும் தூசு நீக்கி உட்கொள்ளவும், எரிந்தபின் வெளியே தள்ளவும் எஞ்சின் தன் ஆற்றலிற் சிறிது செலவிடுகின்றது. வழி நெருக்கமாயின் அச்செலவு மிகும் என்பது வெளிப்படை. விற்போர் கூற்றின் முதற் பாதி இதுவே, அதிற் பொய்யில்லை. இடறல் அடுத்த படியில் உள்ளது.

பெட்ரோல் எஞ்சினின் காற்றுவழியில், வடிகட்டிக்கு அப்பால், த்ராட்டில் என்னும் தட்டுக்கதவு ஒன்று உண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது திறக்கும்; காலை எடுத்தால் மூடும். சமநிலத்துச் சாலையில் மணிக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் காரில் இக்கதவு சிறிதளவே திறந்திருக்கும். அந்நிலையில் கதவுக்கு அப்பாலுள்ள காற்றழுத்தம் வெளியழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியாகவே இருக்கும். தூய்மையான வடிகட்டியாலோ, எஞ்சின் முழு வேகத்தில் உழைக்கும்போதும், நூற்றில் ஓரிரு பங்கு அழுத்தமே குறையும். இவ்விழப்பு ஓடும் காற்றின் அளவிற்கேற்ப நேராகக் குறைவதன்று. அதன் வருக்கத்திற்கேற்பக் குறைவது. காற்று நாலில் ஒரு பங்கானால் இழப்புப் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே நாம் அன்றாடம் ஓட்டும் ஓட்டத்தில் வடிகட்டி விளைக்கும் தடை ஆயிரத்தில் ஒரு பங்கென்றும் சொல்லத் தகாது. பெருந்தடையை விளைப்பது ஓட்டுநரின் காலால் ஆளப்படும் கதவே. வீட்டின் உட்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் தெருவாயிலை இடித்து அகலமாக்கினால், உள்ளே வருங் காற்று மிகுமோ? வடிகட்டியைத் தளர்த்தியவர், அதே வேகத்தில் செல்லும்பொருட்டு, தம்மை அறியாமலே காலை ஒரு மயிரிழை மேலே தூக்குவார்; கதவு அவ்வளவு மூடிக்கொள்ளும்; பெட்ரோல் முன்போலவே செலவாகும். டீஸல் எஞ்சின் கதவினால் ஆளப்படுவதன்று. ஆதலின் ஈண்டுக் கூறுவன பெட்ரோல் எஞ்சினுக்கே உரியன என்க.

இனி, "காற்று மிகுந்து வந்தால் பெட்ரோல் நன்றாக எரியுமே" என்பார் உளர். இக்காலத்துக் காரில் அதற்கும் இடமில்லை. எரிந்த புகையில் எஞ்சியுள்ள பிராணவாயுவை அளந்து சொல்லும் சென்சார் ஒன்று புகைக்குழாயிற் பொருத்தப்பட்டுள்ளது; 1976இல் வால்வோ கார்களில் முதன்முதல் வந்த இக்கருவி பின்னர் எங்கும் பரவிற்று. காற்று சிறிது மிகுந்தால், அச்சென்சார் சொற்கேட்டு, வண்டியின் கணிப்பொறி பெட்ரோலையும் அதற்கேற்ப மிகுதியாக ஊட்டும், குறைந்தால் குறைக்கும். 14.7க்கு ஒன்று என்னும் விகிதத்தை விட்டு நீங்காமற் காப்பதே அதன் தொழில்.

இதனைச் சோதித்தும் கண்டனர். அமெரிக்க நாட்டு டென்னஸி மாகாணத்திலுள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தார், கார்களின் வடிகட்டிகளை வேண்டுமென்றே அடைபடச் செய்து ஓட்டிப் பார்த்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். கணிப்பொறியால் ஆளப்படும் பெட்ரோல் கார்களில், வடிகட்டி அடைபட்டபோதும் பெட்ரோற் செலவு மிகவில்லை. விரைந்து வேகமெடுக்கும் திறனே குன்றிற்று; புது வடிகட்டி இட்டபின் அத்திறன் நூற்றுக்கு 6 முதல் 11 வரை மிகுந்தது. அடைபட்ட வடிகட்டியே செலவை மிகுவிக்கவில்லையெனின், தூய வடிகட்டியினும் தளர்ந்த ஒன்று செலவைக் குறைக்குமோ? தருக்க நூலார் கைமுதிக நியாயம் என்பது இதுவே. கார்ப்யுரேட்டர் பூண்ட பழைய கார்களின் கதை வேறு. அவற்றில் காற்றுவழி அடைபட்டால் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சி இழுக்கப்படும். அதனைத் திருத்தச் சென்சாரும் இல்லை. அத்தகைய காரில் அடைபட்ட வடிகட்டியை மாற்றினால் நூற்றுக்கு 2 முதல் 6 வரை பெட்ரோல் மிஞ்சும் என்று கண்டனர். பில்டரை மாற்றினால் மைலேஜ் ஏறும் என்று முதிய மெக்கானிக்குகள் சொல்லுஞ் சொல் பொய்யன்று. அது முந்திய தலைமுறை வண்டிக்குரிய சொல்.

சிக்கனம் இங்ஙனமாக, வலிவு மிகுமோ எனின், கதவு முற்றும் திறந்த நிலையில் மட்டும் சிறிது மிகலாம். எஞ்சினின் வலிவு அஃது உட்கொள்ளும் காற்றின் எடையை ஒட்டியது. வடிகட்டியால் வரும் தடை முழுதும் நீங்கியதென்றே கொண்டாலும், நூறு குதிரைத்திறன் உள்ள எஞ்சினுக்கு மிகுவன ஒன்றிரண்டேயாம். அதனையும் இழக்கும் வழியொன்று உண்டு. காரைச் செய்தவர், மூடிய பெட்டியும் நீண்ட குழலும் அமைத்து, வண்டியின் முகப்பிலிருந்து குளிர்ந்த காற்றை வருவிக்கின்றனர். பெட்டியை நீக்கிக் கூம்பு வடிகட்டியை எஞ்சினருகே திறந்தபடி வைத்தால், அது பானெட்டுக்குள் வெந்து கிடக்குங் காற்றையே உண்ணும். வெளியே 35 டிகிரியும் உள்ளே 55 டிகிரியும் இருப்பின், காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு குறையும். இரண்டு பெறப்போய் ஆறு இழந்த கதை இது. கடைகளில் உருளைமேல் வண்டியை ஏற்றி வலிவை அளந்து காட்டும்போது பானெட்டைத் திறந்து வைத்து எதிரே பெரிய மின்விசிறியைச் சுழற்றுவர். சாலையில் அவ்விசிறி நம்மோடு வருவதில்லை. நீண்ட குழலைத் தாழ இறக்கி, சக்கரத்தருகிலிருந்து குளிர்காற்றை உறிஞ்சச் செய்யும் வகையும் உண்டு. மழைநீர் தேங்கிய தெருவில் அது நீரையும் உறிஞ்சும். நீர் காற்றைப்போல் அமுங்காதாகலின், ஸிலிண்டரினுள் நீர் புகுந்தால் பிஸ்டனின் தண்டு வளைந்துபோம்.

புகைக்குழாயின் செய்தி இதனினும் நுட்பமானது. வால்வு திறந்தவுடன் புகை சீராக ஒழுகுவதில்லை. துப்பாக்கிக் குண்டுபோல் வெடித்து ஓடுகின்றது. ஓடும் புகைத்திரளின் பின்னே அழுத்தங் குன்றிய ஓரிடம் உண்டாகும். அவ்விடம் சரியான நொடியில் ஸிலிண்டரின் வாயிலில் நிற்குமாயின், அங்கே தேங்கிய எச்சப்புகையையும் அது இழுத்துச் செல்லும். புதுக்காற்று உட்புக இடம் பிறக்கும். பந்தயக் காரின் எஞ்சினிலிருந்து புறப்படும் குழாய்களைச் சம நீளமுடையனவாக வளைத்து நெளித்து ஒன்று சேர்ப்பது இதற்காகவே. ஆயின் குழாயின் நீளமும் அகலமும் எஞ்சினின் ஏதோ ஒரு சுழல் வேகத்திற்கே பொருந்தும். ஒரு வேகத்திற்குப் பொருத்தினால் மற்றொன்றில் பொருத்தம் கெடும். அளவுக்கு மிஞ்சி அகன்ற குழாயிற் புகை வேகமிழந்து தூங்கும். தாழ்ந்த சுழற்சியில் இழுவை குன்றும். இதனைக் கண்டவர்கள் "எஞ்சினுக்குப் பின்தடை வேண்டும்" என்று கூறிவிட்டனர். தடையை எந்த எஞ்சினும் விரும்புவதில்லை. வேண்டுவது புகையின் வேகம். குறுகிய குழாயில் வேகமும் தடையும் ஒருங்கே மிகுதலின், ஒன்றன் புகழை மற்றொன்றற்கு ஏற்றிவிட்டனர். இம்மயக்கம் கற்றவரிடமும் காணப்படுகின்றது.

அன்றாட ஓட்டத்தில் புகையின் அளவும் சிறிதேயாகலின், குழாயின் தடையும் முன்சொன்ன வருக்கக் கணக்கின்படி அற்பமாகிவிடும். ஆதலால் குழாயை மாற்றிப் பெட்ரோலை மிச்சப்படுத்துதல் பெரும்பாலும் வீண் முயற்சியே. அமெரிக்க அரசின் சுற்றுப்புறக் காப்பு நிறுவனம், பெட்ரோலைச் சேமிக்கும் எனச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க பயன் தருவது ஒன்றையும் காணவில்லை.

நடுவுநிலை தவறாமற் சொல்வதாயின், பயன் உள்ள இடங்களும் உண்டு. டர்போ பூண்ட எஞ்சினில், புகையின் வேகமே காற்றை அமுக்கி ஊட்டும் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அங்கே குழாயை அகலப்படுத்திக் கணிப்பொறியின் கட்டளைகளையும் திருத்தினால் வலிவு மெய்யாகவே மிகும். அக்காலத்து அமெரிக்கக் கார்களிலும் இடமிருந்தது. அந்நாட்டு உற்பத்தியாளர் 1971 வரையில், துணைக் கருவிகளையும் வண்டிக்குரிய புகைக்குழாயையும் நீக்கிவிட்டு, எஞ்சினைத் தனியே மேடைமேல் ஓட்டி, அவ்வளவையே விளம்பரஞ் செய்துவந்தனர். 1972 முதல் அனைத்தும் பூட்டிய நிலையில் அளக்கவே, அதே எஞ்சினின் குதிரைகள் ஏட்டிற் பல குறைந்தன. அக்கார்களை வாங்கியோர், தம்மிடமிருந்து யாரோ மறைத்துவைத்த குதிரைகளைக் குழாய்க்குள் தேடினர் என்றால் வியப்பன்று.

பின் ஏன் பூட்டியவர் அனைவரும் பயன் கண்டதாகவே சொல்கின்றனர்? செவியே காரணம் என்பது என் துணிபு. காற்று புகும் ஓசையும் புகை வெளியேறும் முழக்கமும் மிகவே, வண்டி பாய்வதாக மனம் எண்ணுகின்றது. என் தமையனார் பூட்டிவந்த முதல் வாரத்தில், "தொட்டாற் பறக்கிறது" என்று என்னை அமர்த்தி ஓட்டிக் காட்டினார். எனக்கும் அப்படியே தோன்றிற்று. வேகங் காட்டும் முள்ளையும் கைக்கடிகாரத்தையும் பார்த்தபின்னரே, பறந்தது ஒலி மட்டும் என அறிந்தேன். பெட்ரோற் கணக்கோ, தொட்டி நிரம்ப ஊற்றி, அடுத்த முறை நிரம்பும் வரையில் ஓடிய தூரத்தைக் குறித்து, ஆறு முறை பார்த்தோம். பழைய கணக்கைவிட ஒரு முறை சிறிது மிகுந்தது, இருமுறை குறைந்தது, மற்றவை முன்போலவே. மிகுந்த அம்முறை, நால்வழிச் சாலையிற் சீராகச் சென்றுவந்த பயணம். டயரின் காற்றழுத்தம் குறைந்திருந்ததை அவ்வாரம் சரிசெய்ததும் நினைவுக்கு வந்தது. அழுத்தம் ஒரு பவுண்டு குறைந்தால் நூற்றுக்கு 0.2 பெட்ரோல் வீணாகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. அதனைச் சரிசெய்யக் காசு வேண்டியதில்லை.

இவற்றோடு ஒழிந்திருந்தால் பணம் போயிற்றென விட்டுவிடலாம். தடை குறைக்கும் ஆவலில் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் வெட்டியெறிவோர் உளர். அதனுள் தேன்கூடுபோன்ற கண்ணறைகளின்மேல் பூசிய பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் உலோகங்கள், நச்சுத்தன்மையுள்ள கார்பன் மோனாக்ஸைடு முதலியவற்றைக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாற்றுகின்றன. அது நீங்கினால் பின்வரும் வண்டியினரும், தெருவோரத்துப் பூக்காரியும், பள்ளி விட்டு வருஞ் சிறுவரும் அந்நஞ்சையே மூச்சாகக் கொள்வர்; நிறமும் மணமும் அற்றதாதலின் அறியவும் மாட்டார். காலிபோர்னியாவில் இத்தகைய உறுப்புக்கள் புகையைக் கெடுப்பதில்லை என்று அரசாங்க வாரியம் ஆராய்ந்து எண் கொடுத்தாலன்றிச் சாலை வண்டியிற் பூட்டுதல் குற்றம். நம் நாட்டிலும், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, ஒலியும் காற்று மாசும் பற்றிய விதிகளுக்கு மாறான வண்டியை ஓட்டுவார்க்குத் தண்டம் விதிக்கின்றது.

தமையனாரின் காரிற் கன்வர்ட்டரை எவரும் தொடவில்லை என்பதைக் கீழே படுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். எதிர்வீட்டுப் பெரியவர் இருதய நோயால் மருத்துவமனை சென்று திரும்பியிருந்தார். விடியற்காலையில் கார் புறப்படும்போதெல்லாம் அவர் வீட்டுச் சன்னல் அதிர்வதை அம்மா இருமுறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லுமுன் அண்ணன் பரண்மீதிருந்த பழைய ஸைலென்ஸரை இறக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மீண்டும் பூட்டுவித்தார். பில்டர் பெட்டியும் தன் இடத்திற்கு வந்தது. அகன்ற குழாயை விற்றவரிடமே கொண்டுபோனபோது, பழைய இரும்பின் விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னாராம். அது இப்போது எங்கள் கொல்லையில் அவரைப் பந்தலுக்குக் காலாக நிற்கின்றது.